தோட்டத் தமிழரும் சோகை நோயும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபால் நகருக்கு அண்மையில், கடலோரச் சதுப்பை ஒட்டிக் கிடப்பது பைராம் தோட்டம். இப்பெயர் தமிழும் அன்று, மலாயும் அன்று. கலிடோனியா முதலிய அவ்வட்டாரத் தோட்டங்களைத் தலைமுறைக் கணக்கில் தம் கையில் வைத்திருந்த ராம்ஸ்டென் என்னும் ஆங்கிலக் குடும்பத்தாரின் மரபுப் பட்டத்தோடு ஒட்டி வழங்கும் ஊர்ப்பெயர் பைராம் என்பது. அவ்வூர் யார்க்ஷயரில் உள்ளது. இவ்வட்டாரத்தில் முதலில் விளைந்தது கரும்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் இரப்பர் வந்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. பயிர் மாறிக்கொண்டே இருந்தது. பயிரிட்ட கை நெடுங்காலம் தமிழன் கையாகவே இருந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய அம்மக்களின் வரலாற்றை நம்மவர் பலர் எழுதியுள்ளனர். சஞ்சிக்கூலி முறை எப்போது தொடங்கிற்று, 1910ஆம் ஆண்டில் எவ்வாறு நிறுத்தப்பட்டது, கங்காணி எத்தனை பேரைக் கொண்டுவந்தான், கூலி எத்தனை காசு என்பனவெல்லாம் நூல்களில் கிடைக்கின்றன. ஆயின், அம்மக்களின் உடம்பில் ஓடிய குருதியின் நிலையை ஒரு வரலாற்றுச் செய்தியாகக் கருதி எழுதினோர் மிகச் சிலரே. இது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் தோட்டத் துரைமார் தமிழ்த் தொழிலாளியின் மீது சுமத்திய பழிகளுள் முதன்மையானது சோம்பல் என்பது. பெரட்டுக்கு நேரத்தில் வாரான், வந்தாலும் உச்சி வேளைக்குள் ஓய்ந்துவிடுவான், மரத்தடியில் குந்திவிடுவான் என்பது அவர்தம் குறை. குடியேற்ற ஆட்சியினர் இந்நாட்டு மக்கள்மீது சுமத்திய சோம்பேறிப் பட்டத்தைப் பேராசிரியர் சையத் உசேன் அலாத்தாசு 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உரிய சான்றுகளோடு மறுத்தார். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டோர் மலாய்க்காரரும், பிலிப்பினோக்களும், சாவகத்தாரும் ஆவர். தமிழ்த் தொழிலாளியைப் பொறுத்தவரை மறுப்புக்குரிய சான்றுகளுள் ஒன்று ஏட்டில் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் இருந்தது.

அச்சான்றைப் புரிந்துகொள்ளக் குருதியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

குருதி வெறும் செந்நீர் அன்று. அதில் ஏறத்தாழப் பாதிக்குச் சற்று மிகுதியானது வெளிர்மஞ்சள் நீர்மம். எஞ்சியது மிதக்கும் அணுக்கள். அவற்றுள் மிகப் பெருந்தொகையின சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில், அதாவது ஒரு குண்டூசித் தலையளவு துளியில், நல்ல உடல்நலமுள்ள ஆடவர்க்கு ஏறத்தாழ 50 இலட்சமும் பெண்டிர்க்கு 45 இலட்சமும் இருக்கும். நடுவில் குழிந்த வட்டத்தட்டு வடிவின. அவற்றினுள் நிறைந்திருப்பது ஈமோகுளோபின் என்னும் இரும்பு கலந்த புரதம். மூச்சுப்பையில் உயிர்வளியைப் பற்றிக்கொண்டு, அதைத் தசைக்கும் மூளைக்கும் கொண்டு சென்று விடுவது அதன் பணி. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் சுமார் 120 நாள். அழிவனவற்றிற்கு ஈடாக எலும்பு மச்சை நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் புதிய அணுக்களைப் படைத்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளையணுக்கள் அதே துளியில் 4,000 முதல் 11,000 வரையே உள்ளன. அவை நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை. தட்டணுக்கள் ஒன்றரை முதல் நாலரை இலட்சம். காயம்பட்ட இடத்தை அடைப்பவை அவை.

உண்ட உணவின் சாரமே செந்நீராகிறது என்று சித்தர் மருத்துவம் கூறும். குருதியணுக்கள் பிறப்பது எலும்பின் உள்ளே என்பதை 1868ஆம் ஆண்டில் நொய்மன் என்னும் செருமானியரும் பிச்சோசெரோ என்னும் இத்தாலியரும் கண்டறிந்தனர். இரண்டு கூற்றுகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. பட்டறை எலும்பில் இருந்தாலும் மூலப்பொருள் சோற்றுப் பானையிலிருந்தே வரவேண்டும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிவப்பணுக்களோ ஈமோகுளோபினோ குறைந்த நிலையே சோகை. பாண்டு என்பதும் அதுவே. நம் மருத்துவர் அதற்கு அயச்செந்தூரம் கொடுத்தனர். அயம் என்பது இரும்பு. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் சிடன்காம் இரும்புத்தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். இரு நிலத்தாரும் காரணம் அறியாமலே மருந்தை அறிந்திருந்தனர். ஐரோப்பிய மருத்துவ ஏடுகளில் இளம்பெண்களுக்கு வரும் பச்சை நோய் என்று ஒன்று பேசப்படுகிறது. 1554ஆம் ஆண்டில் யோகான்னசு லாங்கே அதைக் கன்னியர் நோய் என்று எழுதினார். முகம் பசுமை கலந்த வெளுப்படையும் என்று படிக்கும் தமிழாசிரியர்க்கு உடனே பசலை நினைவுக்கு வரும். ஆயினும் அகப்பாட்டின் தலைவியைச் சோகை நோயாளியாக்குவது இலக்கியத்திற்கு நாம் இழைக்கும் கொடுமை. தலைவன் மீண்டால் பசலை நீங்கும், சோகை நீங்காது. புறநானூற்றின் 20ஆம் பாட்டு வேறு வகையினது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மண்ணைப் பகைவர் உண்ணார், மசக்கையுற்ற மகளிரே விரும்பி உண்பர் என்று குறுங்கோழியூர் கிழார் அதில் அவன் நாட்டைப் புகழ்கிறார். கருவுற்ற பெண் மண்ணைத் தேடும் வேட்கைக்கும் குருதியில் இரும்பு குறைவதற்கும் தொடர்புண்டு என்பது இன்றைய மருத்துவர் பலர் கண்டது. புகழ்ச்சிப் பாட்டினுள்ளே ஒரு நோய்க்குறி இரண்டாயிரம் ஆண்டாக அடங்கிக் கிடப்பது வியப்பே.

குருதியின் வலிமையை எண்ணிக்கையால் அறியும் முறை மிகப் பிந்தியது. சிவப்பணுக்களை முதன்முதல் எண்ணிக் காட்டியவர் ஃபியரோர்ட், ஆண்டு 1852. ஈமோகுளோபினை நிறத்தைக்கொண்டு அளக்கும் எளிய கருவியைக் கவர்ஸ் 1878இல் அமைத்தார். 1900 அளவில் தால்க்விஸ்ட் இன்னும் எளிய வழி கண்டார். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை ஒற்றுத்தாளில் வாங்கி, வெளிர்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரை அச்சிட்ட நிறப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சோம்பலென்று பேசப்பட்டதை ஒரு தாள் துண்டினால் ஆராயும் காலம் வந்தது.

அவ்வாறு ஆராயப்பட்டபோது முதலில் அகப்பட்டது கொக்கிப்புழு. இது புதுப்புழு அன்று. 1838இல் மிலான் நகரில் துபினி என்பார் இறந்த ஓர் உடலில் அதைக் கண்டிருந்தார். ஆல்ப்சு மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்கம் வெட்டிய இத்தாலியத் தொழிலாளர் 1880 அளவில் வெளுத்துச் சுருண்டு விழுந்தபோதுதான் அப்புழுவின் கொடுமை உலகிற்குத் தெரிந்தது. புழு உடம்பில் நுழையும் வழி வாயன்று, காலடித் தோலே என்பதை லூசு என்னும் செருமானியர் கெய்ரோவில் கண்டறிந்து 1898இல் வெளியிட்டார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையரைப் பீடித்திருந்த புழுவை 1902இல் ஸ்டைல்ஸ் விளக்கியபோது, அந்நாட்டுச் செய்தித்தாள் ஒன்று அதற்குச் சோம்பேறிக் கிருமி என்று பெயர் சூட்டிற்று. பெயர் கேலியாக வந்ததாயினும் அதனுள் ஓர் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. சோம்பல் என்பது ஓர் இனத்தின் குணம் அன்று. குடலில் தொங்கும் ஒரு புழுவின் வேலையாகவும் இருக்கலாம்.

இதற்கு அடுத்த கட்டம் நம் நாட்டில் நிகழ்ந்தது. ராக்பெல்லர் அறநிறுவனம் 1915 முதல் 1917 வரை டார்லிங், பார்பர், ஹாக்கர் என்னும் மூவரைக் கொண்ட குழுவை மலாயா, சாவகம், பீசித் தீவுகள் ஆகிய இடங்களுக்கு அனுப்பியது. மூன்று நாடுகளிலும் தோட்டங்கள் உண்டு என்பது நோக்கத்தக்கது. மலாயாவிலும் பீசியிலும் தமிழரும் இருந்தனர். அவர்கள் செய்த வேலை அருவருப்பானது, ஆனால் அறிவார்ந்தது. மருந்து கொடுத்துத் தொழிலாளியின் வயிற்றிலிருந்து வெளிவந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினர். அவன் ஈமோகுளோபினையும் அளந்தனர். மலேரியா உண்டா என்றும் பார்த்தனர். புழு இருக்கிறதா இல்லையா என்பது பெரிதன்று, எத்தனை புழு என்பதே பெரிது என்னும் கருத்து இத்தகைய எண்ணிக்கையினால் உறுதிப்பட்டது. அறிக்கை 1920இல் நூலாக வெளிவந்தது. இலங்கையின் மலைத் தோட்டங்களிலும் அந்நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி 1916இல் தொடங்கிற்று. அங்கும் மருந்துண்டோர் பெரும்பாலும் தமிழரே.

கணக்கு எளியது. இவ்வகைப் புழுவொன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலீட்டர் குருதியை இழக்கச் செய்யும். முந்நூறு புழு இருந்தால் 9 மில்லிலீட்டர். ஒரு மில்லிலீட்டர் நல்ல குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. எனவே இழப்பு நாலரை மில்லிகிராம். நல்ல உணவு உண்பவன் குடலே ஒரு நாளில் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் இரும்பைத்தான் ஈர்க்கும். சிந்திய இரும்பில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் ஈர்த்துக்கொள்ளும் எனினும் வரவு செலவு ஒத்துவராது. சோறும் இரசமும் கருவாடும் உண்டு, வெறுங்காலுடன் விடியற்காலையில் ஈரம் காயாத நிழல் மண்ணில் பால்மரம் வெட்டியவனுக்கு இந்தக் கணக்கு எந்நாளும் பற்றாக்குறையிலேயே முடிந்தது. புழுவின் குஞ்சு விரும்புவதும் அதே ஈரமும் நிழலும் வெப்பமுந்தான். அவன் நூறு மரத்தைக் கடந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தது சோம்பலா?

மருந்தால் மட்டும் இது தீராது. புழு வெளியேறிய மறு திங்களே அதே மண்ணில் அதே கால் படும். லயத்திற்கு மலக்கூடம், காலுக்குச் செருப்பு, தட்டுக்கு நல்ல உணவு என்னும் மூன்றும் வேண்டியிருந்தன. மருந்து மலிவு, மற்றவை செலவு. நல்ல தொழிலாளியிடமிருந்து நிறைய வேலை பெறலாம் என்னும் வாதத்தினால்தான் பல நிருவாகங்களை இசையவைக்க முடிந்தது. மனிதநேயம் செய்திருக்க வேண்டியதை இலாபக் கணக்கு ஓரளவு செய்தது என்று நாம் ஒப்புக்கொள்ளலாம். நன்றி கூற வேண்டிய அளவுக்கு அல்ல.

சிவப்பணுவின் இரண்டாம் பகை மலேரியா. கொக்கிப்புழு குருதியை வெளியிலிருந்து உறிஞ்சும். மலேரியாக் கிருமி சிவப்பணுவினுள்ளேயே குடியேறி, ஈமோகுளோபினைத் தின்று பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளிவரும். நாள்விட்டு நாள் குளிரும் நடுக்கமும் வருவது அவ்வெடிப்பின் விளைவே. சிதைந்த அணுக்களை அரித்தெடுக்கும் மண்ணீரல் வீங்கும். லயத்துப் பிள்ளைகளின் வயிறு முன்தள்ளி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1880இல் அல்சீரியாவில் லாவரான் கிருமியைக் கண்டார். 1897 ஆகத்து 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். நான்காண்டு கழித்துக் கிள்ளான் மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடிகட்டி நகரைக் காத்தார். பின்னர்த் தோட்டந்தோட்டமாகச் சென்று பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து, எந்த லயத்தில் நோய் மிகுதி என்று கணக்கெடுத்தார். ஒரு வியப்பான செய்தி அவர் நூலில் உண்டு. பைராமுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பால், பேராக்கைச் சேர்ந்த கிரியான் வட்டம் நீர் நிறைந்த நெல்வயல் நாடு. அங்கு மலேரியா மிகுந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். வாட்சன் கண்டதோ குறைவு. தண்ணீர் எல்லாம் ஒன்றல்ல, கொசு எல்லாம் ஒன்றல்ல என்பதை இதனால் உணர்ந்தார். காடழித்துத் திறந்துவிட்ட ஓடையும், உப்பு கலந்து தேங்கிய கடலோரக் குட்டையுமே கொடியவை. தோட்டம் போடும் செயலே நோயை வளர்த்த இடங்களும் இருந்தன என்பது இதன் பொருள்.

புழுவையும் மலேரியாவையும் நீக்கிய பின்னும் வெளுத்தே நின்றோர் சிலர் உண்டு. அவர்களுள் கருவுற்ற பெண்கள் பலர். இவர்களின் கதை மலாயாவில் தெளிவுபடவில்லை, இந்தியாவில் தெளிவுபட்டது. 1928இல் லூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழில் செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்கள் குருதியை ஆராய்ந்தபோது ஒரு முரண்பாடு தெரிந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்து வெளிறும். இவர்களுடையதோ எண்ணிக்கையில் குறைந்து உருவில் பருத்திருந்தது. இரும்பு பயன்படவில்லை. இடையில் 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு வந்து உணவாய்வு செய்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா மருத்துவமனையில் பணிபுரிந்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அப்பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்கும் பின்னர்க் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். நோயுற்ற குரங்கொன்று தேறியது மார்மைட் உண்டதனால். பீர் காய்ச்சுவதில் மிஞ்சும் நொதியிலிருந்து செய்யப்படும் அந்தக் கரும்பசை மலேசியக் கடைகளில் இன்றும் விற்கிறது. அதைப் பெண்களுக்குக் கொடுத்தார். சில நாளில் புதுக்குருதி ஊறிற்று. 1931இல் இச்செய்தியை வெளியிட்டார். மருந்து எது என்று தெரியாமலே அதற்கு வில்சு காரணி என்று பெயர் வழங்கிற்று.

அப்பொருளை 1941இல் அமெரிக்காவின் டெக்சசில் மிட்செல், சினெல், வில்லியம்சு மூவரும் நான்கு டன் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலையமிலம் என்று தமிழில் கூறுவதில் தவறில்லை. கீரையை நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை இறுத்துக் கொட்டினால் இது பெரிதும் அழிந்துபோகும் என்பதை மட்டும் இடையில் கூறி அப்பால் செல்கிறேன்.

அதைச் செயற்கையாகச் செய்து உலகிற்குத் தந்த ஆய்வுக்குழுவின் தலைவர் நம் அண்டை வீட்டார். எல்லாப்பிரகட சுப்பாராவ், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்து அறுவைக் கூடத்திற்குச் சென்றதனால் உயர்பட்டம் கிட்டாமல், எல்.எம்.எஸ். என்னும் தாழ்நிலைச் சான்றிதழே பெற்றார். அவர் உடன்பிறந்தார் இருவரைச் ஸ்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல்நோய் இளமையில் கொண்டுபோயிற்று. குடல் உணவை ஈர்க்காமல் குருதி வற்றும் நோய் அது. அமெரிக்கா சென்ற சுப்பாராவ் லெடர்லி ஆய்வகத்தில் தலைமை ஏற்று, 1945இல் போலிக் அமிலத்தை ஆக்கியபோது, தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கே மருந்து கிடைத்தது. அதோடும் நிற்கவில்லை. இலையமிலம் அணுக்களைப் பெருக்குமாயின், அதைப் போலவே உருவுடைய போலிப்பொருள் ஒன்று பெருக்கத்தைத் தடுக்கும் அன்றோ? வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் குருதிப் புற்றுநோய்க்கு அவர் குழுவினர் ஆக்கிய அமினோப்டரினைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு பேரில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948 சூனில் எழுதினார். தணிதலே அதுவரை காணாதது. அதே ஆண்டு ஆகத்தில் சுப்பாராவ் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. நம் பாடநூல்களிலும் அவர் பெயர் பெரிதாக இல்லை.

தட்டணுக்களைப் பற்றி நாளிதழ் படிக்கும் எவரும் இன்று அறிவர். டெங்கி கற்பித்த பாடம் அது. பினாங்கில் டெங்கிக் காய்ச்சல் பரவியதை ஸ்கே என்னும் மருத்துவர் 1902இலேயே எழுதியுள்ளார். குருதிக்கசிவுடன் கூடிய கொடிய வடிவமும் இந்நாட்டில் 1962இல் பினாங்கிலேயே முதலில் வெளிப்பட்டது. மலேரியாவோ பின்வாங்கிற்று. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழிப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் இல்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகை மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது.

ஆகவே இன்று வெளுத்த முகத்துடன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பழைய காரணங்களையே எண்ணுதல் கூடாது. ஈமோகுளோபின் அளவு வளர்ந்த ஆடவர்க்கு 13 கிராமும், பெண்டிர்க்கு 12 கிராமும், நூறு மில்லிலீட்டர் குருதிக்கு இருத்தல் வேண்டும். குறைந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பெண்பிள்ளைகட்கு இரும்புக் குறைவே இன்றும் மிகுதி. ஆயினும் சிவப்பணு சிறுத்து வெளிறியிருப்பதற்கு இந்நாட்டில் வேறொரு காரணமும் உண்டு. அது தலசீமியா. 1925இல் கூலி என்னும் அமெரிக்கர் விளக்கியது. கடல் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. பெற்றோர் வழி வருவது. இந்நிலையினால் உடலில் இரும்பு குறைவதில்லை; பார்வைக்குச் சோகையென்று எண்ணி இரும்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுப்பது பயனற்றது, சிலருக்குத் தீங்கும் ஆகும். ஒரு கூறு மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர், இயல்பாக வாழ்வார். அத்தகைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கொடிய நோய் வரும். கொடிய வகையினருள் பலர்க்கு வாழ்நாள் முழுதும் மாற்றுக்குருதி ஏற்ற நேரும். மலேசிய நலத்துறை 2016இல் நான்காம் படிவ மாணவரின் குருதியை இதற்காக ஆராயத் தொடங்கிற்று. பெற்றோரின் ஒப்புதல் தாள் மாணவர் கையில் வீட்டுக்கு வரும்.